அண்ணன் வைத்துச் சென்ற சீன ரைஃபிள்: எந்த ஆண்டினது, எப்படிச் சீர்செய்வது?

மரப்பட்டறை, முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகப் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலிகள், சாய்வு மேசைகள், கண்ணாடி அலமாரிகள் ஆகியவையே என் கைக்கு அதிகம் வரும். தேக்கா, ஈட்டியா, பலாவா என்று மரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் இப்போது என்னிடம் கேட்கப்பட்டிருக்கும் பொருளில் மரம் பாதி, இரும்பு பாதி. அந்த இரும்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

என் அண்ணன் 1978-இல் அமெரிக்கா சென்று ஒஹாயோ மாநிலத்தில் குடியேறியவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய வீட்டின் அடித்தள அறையில் ஒரு நீளப் பெட்டியும், அதற்குள் எண்ணெய்த் துணி சுற்றிய ரைஃபிள் ஒன்றும் இருந்தன. அதே பெட்டியில் எங்கள் தாத்தாவின் பதக்கங்கள் அடங்கிய தகர டப்பாவும் இருந்தது. தாத்தா சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்), பிரெஞ்சுப் படையில் வியட்நாமின் சைகோனில் பணியாற்றிவிட்டு 1955-இல் ஊர் திரும்பி, கடைசிவரை பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கியவர். அதனால் இது தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி என்றே அண்ணன் பிள்ளைகள் நம்புகிறார்கள். நானும் சிறுவயதில் தாத்தா துப்பாக்கிக் கதைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்ததாக எனக்கு நினைவு இல்லை.

அண்ணன் மகன் அனுப்பிய படங்களில் நான் கண்டவற்றைச் சொல்கிறேன். ரிசீவரின் (துப்பாக்கியின் நடு இரும்புடல்) இடப்பக்கத்தில் ஒரு முக்கோணமும் அதற்குள் 26 என்ற எண்ணும் உள்ளன. பக்கத்தில் மூன்று சீன எழுத்துகளும், 15 என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்கின்றன. குழலின் அடியில் மடித்து வைத்த பாயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் குத்தீட்டி), கத்தி போலத் தட்டையாக இல்லாமல் நீண்ட ஆணியைப் போல இருக்கிறது. அடியில் உள்ள மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி மாட்டும் வகை அல்ல; கீல் வைத்துத் தொங்குகிறது. பாயனெட்டிலும் ரிசீவரின் மேல்மூடியிலும் செந்துரு பூத்திருக்கிறது. உள்ளே எங்கு பார்த்தாலும் வெல்லப்பாகு போல இறுகிய பழுப்பு நிற கிரீஸ்.

மரக்கட்டையைப் பற்றி மட்டும் நானே சொல்லக்கூடும். செம்பழுப்பு மெருகு பல இடங்களில் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. இரும்பு உட்காரும் பள்ளத்தைச் சுற்றி மரம் எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. வலப்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது; நார் அறுபடவில்லை, அழுந்தி மட்டுமே இருக்கிறது. இழையைப் பார்த்தால் கனமில்லாத, துளை பெரிதான மரமாகத் தெரிகிறது. எனக்குப் பழக்கமான எந்த மரமும் அல்ல.

இது எந்த வகை, எந்த ஆண்டினது, தாத்தாவுடையதாக இருக்க வழியுண்டா என்பது முதல் கேள்வி. துருவையும் கிரீஸையும் எப்படி எடுப்பது என்பது இரண்டாவது. மரக்கட்டையை மட்டும் கழற்றிப் பார்சலில் புதுச்சேரிக்கு அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். பட்டறையில் வைத்து இழைத்து, புதிதாக மெருகேற்றித் திருப்பி அனுப்பிவிடுவேன். அது இயலாதென்றால் மே மாதம் சுற்றுலா விசாவில் அங்கே செல்லவிருக்கிறேன், அப்போது செய்யலாம். தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

ஆர்மரர் (ஓய்வு), மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, வணக்கம். இருபத்து நான்கு ஆண்டுகள் இராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பணியில் இருந்தவன். நீங்கள் விவரித்திருக்கும் துப்பாக்கியை, எதிரியிடமிருந்து கைப்பற்றிப் பயிற்சிக்காக வைத்திருந்தவற்றில், பலமுறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். மேகசினின் பின்பக்கப் பிடியை இழுத்து அதைத் திறந்து விட வேண்டும். பிறகு குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் கண்ணாலும் பார்க்க வேண்டும், சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பல ஆண்டு பெட்டியில் கிடந்த துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும் என்று யாரும் எண்ணிக்கொள்ளக் கூடாது. கிரீஸ் இறுகியிருந்தால் தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். இதை முடித்தபிறகே மற்றவை.

இது எஸ்.கே.எஸ். என்ற சோவியத் துப்பாக்கியின் சீனப் பிரதி. செர்கேய் சிமொனொவ் 1945-இல் வடிவமைத்தது. தோட்டா ஏகே-47-க்கு உரிய அதே 7.62-க்கு 39 மில்லிமீட்டர் அளவு. மேகசினில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே போகும். அடுத்த தோட்டாவை வாயு அழுத்தம் தானே ஏற்றிவைக்கும். அந்த மூன்று எழுத்துகளுக்கு 'ஐம்பத்தாறு வகை' என்று பொருள். 1956-இல் சீனப் படை ஏற்றுக்கொண்டதால் வந்த பெயர். அதே ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஏகே பிரதிக்கும் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும்கூட இதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆகையால் வெறுமனே 'டைப் 56' என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முக்கோணத்துக்குள் 26 என்பது சோங்சிங் நகரில் உள்ள ஜியான்ஷே தொழிற்சாலையின் குறி. ரஷ்யாவில் செய்ததாக இருந்தால் பெரும்பாலும் மேல்மூடியில் விண்மீன் குறி இருந்திருக்கும். யூகோஸ்லாவியாவில் செய்த பிந்தைய வகையில் குழல் முனையில் குண்டெறியும் நீட்சி ஒன்று இருக்கும். உங்களுடையது ஐயத்துக்கு இடமின்றிச் சீனத்தது.

ஆண்டைக் கணக்கிட, சேகரிப்பாளர்கள் பொதுவாகக் கையாளும் ஒரு வழி உண்டு. 26-ஆம் ஆலையின் எண்களில் கடைசி ஆறு இலக்கங்களை விட்டுவிட்டு முன்னால் நிற்பதை 1956-உடன் கூட்டுவார்கள். உங்கள் எண் 15 என்று தொடங்கும் எட்டு இலக்கம் என்பதால் 1971 என்று வருகிறது. வேறு எண் கொண்ட முக்கோணங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பாயனெட்டும் இதற்கு ஒத்துப்போகிறது. தொடக்கத்தில் சீனர்கள் ரஷ்யர்களைப் போலத் தட்டைக் கத்தி வைத்தார்கள். 1960-களின் நடுப்பகுதியில்தான் ஆணி போன்றதற்கு மாறினார்கள்.

ஆகவே தாத்தாவைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது, வருத்தத்துடன்தான் சொல்கிறேன். சீனாவில் இந்தத் துப்பாக்கியின் உற்பத்தி தொடங்கியதே 1956-இல். உங்கள் தாத்தா 1955-இல் ஊர் திரும்பிவிட்டார். பிரெஞ்சுப் படையின் கடைசி அணியும் 1956 ஏப்ரலில் வியட்நாமை விட்டு வெளியேறிவிட்டது. இந்தத் துப்பாக்கி வியட்நாமில் பெருமளவில் காணப்பட்டது அதற்குப் பின்வந்த, அமெரிக்கர்கள் ஈடுபட்ட போரில்தான். சைகோனில் உங்கள் தாத்தா தோளில் சுமந்தது பெரும்பாலும் மாஸ்-36 என்ற பிரெஞ்சு ரைஃபிளாக இருந்திருக்கும். அது ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகை, தோட்டாவும் 7.5 மில்லிமீட்டர். இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது.

இன்னும் ஒரு சான்றைத் தேடச் சொல்லுங்கள். பாயனெட்டை விரித்துவிட்டு, அது மடிந்திருந்த இடத்தில் குழலின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரிசீவரையும் சுற்றிப் பார்க்க வேண்டும். 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வணிகத்துக்காக இறக்குமதி செய்தவர் தம் பெயரையும் ஊரையும் பொறித்தாக வேண்டும். அப்படிப் பொறித்திருந்தால் அது கடையில் விற்கப்பட்ட துப்பாக்கி. எங்கும் பொறிப்பு இல்லையென்றால், வியட்நாமிலிருந்து அமெரிக்க வீரர் எவரேனும் கொண்டுவந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அதன் மதிப்பே வேறு. கை வைக்கும் முன் அதை நன்கு அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

வரிசை எண் ரிசீவரில் மட்டும் இருக்காது. போல்ட், அதைத் தாங்கும் பகுதி, மேல்மூடி, விசைத் தொகுதி, மேகசின், மரக்கட்டை என்று பல இடங்களில் இருக்கும். எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். மரக்கட்டையில் உள்ள எண் ஆழமில்லாமல் அடித்தது. ஐயா, நீங்கள் 'இழைத்து' என்று எழுதியதைப் படித்ததும் என் நெஞ்சு பதறியது. ஒரு முறை உளி ஓடினாலோ உப்புத்தாள் தேய்த்தாலோ அந்த எண் போய்விடும். பிறகு எத்தனை அழகாக மெருகேற்றினாலும் அது யாருடைய கட்டையோ ஆகிவிடும்.

துருவைப் பற்றிச் சொல்கிறேன். இந்த இரும்பின் கருமை சாயம் அல்ல. இரும்பின் மேல் வரவழைத்த மெல்லிய கரும்படலம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். இங்கே புளியோ எலுமிச்சையோ காடியோ பட்டால் செந்துருவோடு அந்தக் கரும்படலமும் கரைந்து, இரும்பு வெள்ளையாக வெளிவந்துவிடும். கடைகளில் விற்கும் துரு நீக்கித் திரவங்கள் பலவற்றிலும் அமிலம்தான் இருக்கிறது. அதற்குப் பதில் மெல்லிய இயந்திர எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, வெண்கல நாரால் அல்லது மிக மென்மையான எஃகு நாரால், அழுத்தாமல், குழந்தையின் முதுகைத் தேய்ப்பது போலத் தேய்க்க வேண்டும். செந்துரு கரைந்து எண்ணெயில் வரும். கருமை அப்படியே நிற்கும். மேல்மூடி போன்ற சிறு பகுதிகளுக்கு இன்னொரு முறையும் உண்டு. எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்கிவிட்டு, வாலை வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்தால் செந்துரு கருந்துருவாக மாறும். மேலே கரியாகப் படிவதை மென்மையான நாரால் எடுத்துவிட்டு எண்ணெய் பூசினால் போதும். நான் இதை என் கண்ணால் பார்த்தபோது மந்திரம் போல இருந்தது. ஆனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை; ஒருவகை இரும்பு ஆக்சைடு மற்றொரு வகையாக மாறுகிறது, அவ்வளவே.

அடுத்தது, உயிர் சம்பந்தப்பட்டது. போல்ட்டுக்குள் இருக்கும் ஃபயரிங் பின்னுக்கு (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) சீன வகையில் சுருள்வில் கிடையாது. அது தன் போக்கில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். பழைய கிரீஸ் இறுகி அந்த ஊசி முன்னால் நீட்டியபடி சிக்கிக்கொண்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும். விசையைத் தொடாமலே ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தும் போகலாம். ஆகையால் போல்ட்டைத் தனியே எடுத்து, குறுக்கு ஊசியைத் தட்டி வெளியேற்றி, ஃபயரிங் பின்னை உருவி, அதன் துளையை முழுமையாகக் கழுவ வேண்டும். திரும்பப் பூட்டியபின் போல்ட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் கிலுகிலுப்பை போல ஒலிக்க வேண்டும். ஒலிக்காத போல்ட் சுத்தமான போல்ட் அல்ல.

---

வழக்குரைஞர், திருப்பாதிரிப்புலியூர்

மற்ற செய்திகளை அறிந்தவர்கள் சொல்வார்கள். பார்சல் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது நடந்துவிடக் கூடாது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. எனவே 'மரம்தானே' என்று நினைத்து வரவழைத்தால், சுங்கத் துறையினர் பெட்டியைப் பிரிக்கும் நாளில் நீங்கள் விளக்கம் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். முழுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இத்தகைய அரைத் தானியங்கி ரைஃபிள்கள் முதல் வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆட்சியரிடம் மனுச்செய்து சாதாரணமாகப் பெறக்கூடிய உரிமம் அல்ல அது. 2019-இல் வந்த திருத்தம் தண்டனைகளையும் கடுமையாக்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்து துப்பாக்கிப் பாகங்களை வெளியே அனுப்புவதற்கு அந்த நாட்டிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் உண்டு.

தாத்தாவின் பதக்கங்களை அவர்கள் உங்களுக்குத் தர விரும்பினால் அவற்றைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். அந்த ஆணி போன்ற பாயனெட்டை நினைவுப்பொருள் என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

---

நெல்லிக்குப்பத்தான், ஒஹாயோ

அண்ணா, பிறந்தது நெல்லிக்குப்பம், கடந்த இருபது ஆண்டுகளாக ஒஹாயோவில் இருக்கிறேன். என்னிடமும் இதே 26-ஆம் ஆலையின் துப்பாக்கி ஒன்று உண்டு; அதை நானே சீர்செய்தேன்.

உங்கள் விசாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலருக்கு இது தெரிவதில்லை. சுற்றுலா விசாவில் வருபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அண்ணன் மகன் வீட்டில் தங்கிக்கொண்டு, அவன் வேலைக்குப் போன நேரத்தில் நீங்கள் தனியே அமர்ந்து இதைத் துடைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையில் ரிசீவர்தான் துப்பாக்கி. கழற்றிய மரக்கட்டை வெறும் மரம். ஆகவே குடிமகனான அவன் இரும்பைக் கழற்றித் தன் பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டு, மரத்தை மட்டும் உங்கள் கையில் தரட்டும். இரும்பு வேலை முழுவதும் அவனுடையது, மர வேலை உங்களுடையது. எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், இருவருக்குமே அதுதான் நல்ல ஏற்பாடு.

மரம் என்னவென்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நீங்கள் மரவேலைக்காரர் என்பதால் சொல்கிறேன். சீனர்கள் இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தியது கட்டால்பா இன மரம். இங்குள்ள சேகரிப்பாளர்கள் 'சூ மரம்' என்று சொல்வார்கள். எடை குறைவு, எளிதில் நசுங்கும், ஈரத்தில் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. நீங்கள் படத்தைப் பார்த்தே 'கனமில்லாத, துளை பெரிதான மரம்' என்று எழுதியது மிகச் சரி.

கிரீஸுக்கு மண்ணெண்ணெயோ மினரல் ஸ்பிரிட் என்ற வண்ணக் கரைப்பானோ போதும். பெட்ரோலை யாரும் அடித்தள அறையில் திறக்கவே கூடாது. மரத்துக்குள் ஊறியதை எடுக்க, நான் கட்டையைப் பழைய துணியில் சுற்றிக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, ஜூலை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துணியை மாற்றினேன். நான்காவது துணிவரை பழுப்பு இறங்கிக்கொண்டே இருந்தது.

மரக்கட்டையின் பின்முனை இரும்புத் தகட்டில் ஒரு சிறு மூடி உண்டு. விரலால் அழுத்தினால் திறக்கும். அதற்குள் துப்புரவுக் கருவிகள் வைத்த ஓர் உலோகக் குழாய் இருக்க வேண்டும். இருந்தால் அதைத் தொலைக்க வேண்டாம்.

பழைய சீனத் தோட்டாக்கள் பலவற்றின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் அது உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளில் துருவைத் தொடங்கிவிடும். கடலூர்க் கடற்காற்றில் சைக்கிள் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். உங்கள் அண்ணன் எப்போதாவது சுட்டிருந்தால், குழலைவிட வாயுக் குழாயும் பிஸ்டனும்தான் அதிகம் அரித்திருக்கும். படைக்குச் செய்த துப்பாக்கிகளின் குழல் உட்புறத்தில் குரோம் பூச்சு உண்டு, மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் அது இல்லை.

உங்கள் அண்ணன் மகனுக்கு ஒரு வேண்டுகோள். இங்குள்ள இளைஞர்கள் பலரும் இதை வாங்கியதும் பிளாஸ்டிக் கட்டை, முப்பது தோட்டா மேகசின் என்று மாற்றிவிடுவார்கள். இறக்குமதியான அரைத் தானியங்கித் துப்பாக்கியை அப்படி மாற்றினால் அயல்நாட்டு உதிரிபாகங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று குறுக்கே வரும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, செய்தபடியே இருக்கும் துப்பாக்கிக்கு இங்கே அரும்பொருள் என்ற தகுதி உண்டு. 1971 என்பது உண்மையானால் அது கிடைக்கும், மாற்றினால் போய்விடும். சீனாவிலிருந்து துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வருவதை 1994-இல் கிளின்டன் நிறுத்திவிட்டார். அதற்கு முன் நூறு டாலருக்கும் குறைவாகக் குவியல் குவியலாக விற்றவை இவை. இனி சீனாவிலிருந்து நேராகப் புதிதாக வராது.

---

மரப்பட்டறை, முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

மூவருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் அண்ணன் மகனுக்கு விடுமுறை நாள் வர வேண்டியிருந்தது. காணொளி அழைப்பில் நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். சேம்பர் காலி. மேகசினும் காலி.

ஆர்மரர் ஐயா சொன்ன இடத்திலேயே பொறிப்பு இருந்தது. பாயனெட்டை விரித்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும், அரிசி அளவுகூட இல்லாத ஆங்கில எழுத்துகளில் இறக்குமதி நிறுவனத்தின் பெயரும் ஓர் அமெரிக்க ஊரின் பெயரும் தெரிந்தன. அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தன் அம்மாவை அழைத்தான். அண்ணி வந்து பார்த்துவிட்டு, இது 1992-இல் பனிக்காலத்தில் அவர் கடையில் வாங்கி வந்தது என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். எதற்கு என்று அப்போது அண்ணி சண்டை போட்டார்களாம். 'தாத்தா இருந்த ஊரில் பிறகு எல்லார் கையிலும் இருந்தது இதுதான்' என்று அண்ணன் சொன்னாராம். பதக்க டப்பாவை அந்தப் பெட்டியில் வைத்தவரும் அவரே. பிள்ளைகள் பெட்டியைத் திறந்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. இரண்டையும் அவர்கள் ஒரே கதையாக்கிவிட்டார்கள்.

எண்களை ஒத்துப் பார்த்தோம். ரிசீவர், போல்ட், போல்ட் தாங்கி, மேல்மூடி, விசைத் தொகுதி, மரக்கட்டை ஆறும் ஒன்றே. மேகசின் மட்டும் வேறு எண். பின்முனைக் குழாய் உள்ளேயே இருந்தது. திறந்தால் தூரிகையும் கருவிகளும் கிரீஸுக்குள் புதைந்தபடி, யாரும் தொடாதவையாக இருந்தன.

இழைக்கப் போவதில்லை, ஐயா. அந்தச் சொல்லை எழுதும்போது நான் நாற்காலியைத்தான் நினைத்திருந்தேன். நூறு ஆண்டுப் பழைய நாற்காலிக்கும் இழைப்புளி போடாதவன் நான், அவசரத்தில் எழுதிவிட்டேன். மே மாதம் அங்கே சென்று நான் செய்ய நினைப்பதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் வைத்துப் பார்ப்பேன். மெருகு இளகினால் அது அரக்கு. புது அரக்கைத் தொட்டுத் தொட்டுப் பொரிந்த இடங்களை மட்டும் நிரப்பலாம், மற்றதை அப்படியே விடலாம். இளகவில்லை என்றால் வார்னிஷ் வகை. அப்போது உதிர்ந்த இடங்களுக்கு மட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவுவேன். எண்ணெய் குடித்துக் கறுத்த இடத்தில், வெயில் எடுத்தது போக மிஞ்சியதை, சீமைச்சுண்ணாம்புப் பொடியை ஆவியாகும் கரைப்பானில் குழைத்துப் பூசி உலரவிட்டு எடுக்கலாம். பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மூன்று முறை செய்தால் பாதிக் கருமை போகும், முழுவதும் போக வேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். நசுங்கலுக்கு ஈரத்துணியை மடித்து வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தால், ஆவி நாருக்குள் போய் அழுந்திய மரம் மேலெழும். இந்த மரம் மென்மையானது என்பதால் எளிதாகவே எழும் என்று நினைக்கிறேன். எண் அடித்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளியே எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்வேன், ஏனெனில் ஆவி பட்டால் அந்த எழுத்துப் பள்ளமும் மேலெழுந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதை அவனுக்கு இப்போதே எச்சரித்துவிட்டேன். வெளியே கொடியில் விரித்துக் காயவைத்த பின்பே குப்பையில் போட வேண்டும்.

போல்ட்டை அவன் பிரித்துக் கழுவிவிட்டான். உள்ளிருந்து வந்த கிரீஸ் மெழுகுவர்த்தி போல நீளமாக உருவி வந்தது. ஊசி முன்பக்கம் சிக்கித்தான் இருந்தது. ஆட்டிப் பார்த்த ஒலியைப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறான், இணைத்திருக்கிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

---

ஆர்மரர் (ஓய்வு), மஞ்சக்குப்பம், கடலூர்

கேட்டேன், ஐயா. மூன்று முறை கேட்டேன். முன்னால் சாய்க்கும்போது தெளிவாக ஒலிக்கிறது. பின்னால் சாய்க்கும்போது அரைக் கணம் தாமதிக்கிறது. துளையின் பின்பகுதியில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு முறை ஊசியை உருவி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் மண்ணெண்ணெய் தொட்டு, வெள்ளையாக வெளிவரும்வரை துடைக்கச் சொல்லுங்கள். பூட்டும்போது ஊசியைப் பிடிக்கும் குறுக்கு ஊசி எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமாகவே போக வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

மேகசின் எண் மாறியிருப்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். படைப்பிரிவுப் பட்டறைகளில் பழுதானதை மாற்றும்போது கைக்குக் கிடைத்ததைப் பூட்டிவிடுவது உண்டு. நானும் அப்படிப் பூட்டியிருக்கிறேன். அதை ஒத்த எண்ணாக்க வேண்டும் என்று யாராவது புதிதாக எண் அடித்துத் தர முன்வந்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள்.

மர வேலையில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் இல்லை. எண்ணைச் சுற்றி ஒரு விரற்கடை என்றீர்கள், இரண்டு விடுங்கள்.